ஊற்றிய கை

எங்கள் வாசிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன மாதம் ஒரு காணொளி வந்து விழுந்தது. விமானத்தின் நடைபாதையில் ஒருவர் தள்ளாடிக்கொண்டு நிற்கிறார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் கழன்றிருக்கின்றன. பணிப்பெண் கெஞ்சாத குறையாக உட்காரச் சொல்கிறார். அவர் உட்காரவில்லை. கீழே வந்த முதல் பதில்: ‘லேபர் ஃப்ளைட்னா இப்படித்தான்.’ அதற்கு ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர், இரண்டு வாரம் முன்புதான் வெளிநாட்டு ஊழியர் ஒருவரின் கவிதைகளைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தவர்கள். கவிதைக்குள் வரும் தொழிலாளிக்காக அழுவோம், அவரே பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தால் மூக்கைப் பொத்துவோம். இதுதான் நம் ரசனை என்றால் ஒத்துக்கொண்டுவிடலாம். மறைக்க வேண்டாம்.

நானும் யோக்கியன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெருந்தொற்றுக்கு முந்தைய ஒரு தீபாவளிச் சமயம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரப் பயணம். மது டிக்கெட் விலையிலேயே அடங்கிய விமானம். பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஓர் அண்ணன். ஷிப்யார்டில் வேலை. இரண்டரை வருடம் கழித்து ஊருக்குப் போகிறார், தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் பெட்டி கட்டி வந்திருந்தார். சாப்பிட்டாரா என்று கேட்டதற்கு, “பிளேன்ல தருவாங்கல்ல தம்பி” என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் விஸ்கி வந்தது. இன்னொன்றும் வந்தது. மூன்றாவது கேட்க அவருக்குக் கூச்சம். “தம்பி, நீங்க குடிக்க மாட்டீங்கன்னா உங்க பேர்ல ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?” வாங்கிக் கொடுத்தேன். பெரிய தோழமை ஒன்றைச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அதைவிட, பேச ஆரம்பித்தால் ஒரு கதை கிடைக்குமே என்ற அற்ப ஆசை. நாலாவதை எதிர்ப்பக்கத்து வண்டியைத் தள்ளி வந்த இன்னொரு பணியாளர் ஊற்றினார். முன்னால் மூன்று போனது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அப்புறம் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். தமிழ் பேசும் பணிப்பெண்ணை அனுப்பினார்கள். “தங்கச்சி, நீ நம்ம புள்ளைல்ல” என்று ஆரம்பித்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சிரிப்பு மாறாமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். அவர் எழ முயன்று, முன்னிருக்கையின் மேல் வாந்தி எடுத்தார். சுத்தம் செய்ததும் அவள்தான். செய்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள், “அந்த மூணாவது கப் உங்களுதுங்களா சார்?” இல்லை என்றேன். சென்னையில் வாசலிலேயே இரண்டு பாதுகாவலர்கள் அவரை ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு கடந்து போனேன்.

இதில் குற்றம் யாருடையது? அந்த அண்ணனுடையதுதான். வறுமை, தனிமை, இரண்டரை வருட ஏக்கம் எதுவும் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க உரிமை தராது. இந்த இடத்தில் கண்ணீர்க் கவிதை எழுதி அவரைக் காப்பாற்றப் பார்ப்பதும் ‘லேபர் ஃப்ளைட்’ என்று சிரிப்பதும் ஒரே வேலைதான். இரண்டுமே அவரை நம்மைப்போல ஓர் ஆளாக நினைப்பதில்லை. ஆனால் குற்றம் அவரோடு முடிந்துவிட்டதாக எல்லோரும் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி சென்ற ஏர் இந்தியா விமானத்தில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் மேல் போதையில் இருந்த பயணி சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. அவர் அதை மறுக்கிறார். நடந்ததாகச் சொல்லப்படும் இடம் பிசினஸ் கிளாஸ். குற்றம் சாட்டப்பட்டவர் அமெரிக்க வங்கியொன்றில் உயர்பதவியில் இருந்தவர். வெளியே தெரிந்து நாடே கொந்தளித்தது 2023 ஜனவரியில்தான். விதிப்படி நடக்கவில்லை என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, தலைமை விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தது. இந்தக் கொந்தளிப்புக்குப் பிறகுதான் மது பரிமாறும் விதிகளை நிறுவனம் திருத்தி எழுதியது. அப்போது யாராவது ‘பிசினஸ் கிளாஸ்னா இப்படித்தான்’ என்று எழுதினார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே அது ஒரு தனிமனிதனின் கேவலம். இங்கே மட்டும் ஒரு கூட்டத்தின் குணம்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இந்த ஓரவஞ்சனை புதிதில்லை. 2013 டிசம்பர் 8 தேக்கா கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு வரை தீவு முழுக்கப் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்காவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை ஏழிலிருந்து திங்கட்கிழமை காலை ஏழு வரை கூடாது. அதாவது ஞாயிறு மதியம் தேக்கா புல்வெளியில் ஒரு டைகர் டின்னைத் திறந்தால் அது குற்றம். அதே ஆள் அன்று மாலையே சாங்கியில் விமானம் ஏறினால், வார் மாட்டி உட்காரவைத்து, கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். தரையில் அவன் கையிலிருக்கும் டின்னைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், முப்பத்தைந்தாயிரம் அடியில், இறங்கிப்போக வழியில்லாத ஒரு குழாய்க்குள், அவன் போதையைச் சமாளிக்க ஓர் இளம்பெண்ணை விட்டிருக்கிறார்கள்.

மேலே போனால் போதை இரண்டு மடங்கு ஏறும் என்று நம்மாட்கள் சொல்வார்கள். ரத்தத்தில் ஏறும் மதுவின் அளவு அப்படிக் கூடுவதில்லை. ஆனால் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி மலைமேல் உட்கார்ந்து குடிப்பதுபோல. உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. இதோடு வெறும் வயிறும் தூங்காத கண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பறக்க வைப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத் தெரியாதா? அந்த அண்ணனுக்கு யார் சொன்னது?

நிறுவனங்கள் பழியைத் தள்ளிவிடும் அழகைப் பார்க்க வேண்டும். 2024இல் ரயன்ஏர் தலைவர் மைக்கேல் ஓலியரி, விமான நிலைய மதுக்கூடங்களில் ஆளுக்கு இரண்டு பானம்தான் தர வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். பிரிட்டனில் பாதுகாப்புச் சோதனை தாண்டிய பகுதியில் வழக்கமான மதுவிற்பனை உரிமச் சட்டமே செல்லாது, விடியற்காலை ஐந்து மணிக்கும் பியர் ஓடும். ஆனால் ரயன்ஏர் தன் விமானத்துக்குள்ளும் மது விற்கிறது. மதுக்கூடம் விமானத்தைக் காட்டும், விமானம் மதுக்கூடத்தைக் காட்டும். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பயணியைக் காட்டுவார்கள். சில நிறுவனங்களில் உள்ளே விற்கும் பொருளுக்குப் பணியாளருக்குக் கமிஷனும் உண்டு. விற்றால் காசு, விற்றது தலைக்கேறினால் அடியும் அவளுக்குத்தான்.

நிறுத்த முடியாது என்பதெல்லாம் கதை. 2021 மே மாதம் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானப் பணியாளர் ஒருவரைப் பயணி தாக்கி இரண்டு பற்கள் போயின. பெருந்தொற்றால் நிறுத்தியிருந்த மது விற்பனையை மீண்டும் தொடங்கும் திட்டத்தை அந்த நிறுவனம் உடனே தள்ளிவைத்தது. யாரும் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் பேருந்தில் போகவில்லை. 2022 பிப்ரவரியில், பணியாளர் சங்கம் எதிர்த்தும், திரும்பத் தொடங்கினார்கள். யாருடைய பல்லைவிட எது பெரிது என்று அங்கே தெரிந்துபோனது.

“அப்ப மதுவே கூடாதுங்கிறீங்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. நம் மலேசியாவிலேயே ரவி, கார்த்தியாயினி என்ற தமிழ்த் தம்பதி, தங்கள் பெயர்களைச் சேர்த்து ‘ரயானி ஏர்’ என்று 2015 டிசம்பரில் ஷரியா முறைப்படி ஒரு விமான நிறுவனம் தொடங்கினார்கள். மது கிடையாது. 2016 ஜூனில் உரிமமே பறிபோனது. காரணம் வேறு, நிர்வாகக் குளறுபடி. மதுவைத் தூக்கினால் எல்லாம் புனிதமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்திய உள்நாட்டு விமானங்களிலும் மது இல்லை, சண்டைக்குக் குறைவும் இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். எந்த இருக்கைக்கு எத்தனை ஊற்றியது என்ற கணக்கு இரண்டு பக்கத்து வண்டிக்கும் தெரிய வேண்டும். ஒரு சைவச் சாப்பாடு எந்த இருக்கைக்குப் போக வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா? சாப்பாடு முதலில் வரட்டும், மது பிறகு வரட்டும். ‘போதும் சார்’ என்று சொல்லும் பணிப்பெண்ணின் மேல் பயணி புகார் எழுதினால் நிறுவனம் அவள் பக்கம் நிற்கட்டும். கையைப் பிடித்தவனைத் தடைப்பட்டியலில் போடும்போது, அவனுக்கு எத்தனை கோப்பை போனது என்பதையும் அதே தாளில் எழுதட்டும். என்னைப்போல வாங்கிக் கொடுத்தவன் இருக்கை எண்ணையும் சேர்த்து.

நமக்கும் ஒன்று. எழுத்தாளர் குடித்துவிட்டு மேடையில் உளறினால் அதைக் கலகம் என்று பத்து வருடம் கதை கதையாகச் சொல்கிறோம். அவரை அழைத்துப்போய் அறையில் விட்ட பெண் ஏற்பாட்டாளர் அந்தக் கதையில் எங்கேயும் வருவதில்லை. ஷிப்யார்டு அண்ணன் உளறினால் மட்டும் கைப்பேசியைத் தூக்குகிறோம்.

இதையெல்லாம் சுருக்கி எங்கள் குழுவில் எழுதிப் போட்டேன். “ஜோக்குக்குப் போய் இவ்ளோ சீரியஸா ஆகணுமா ண்ணே?” என்று ஒரு தம்பி கேட்டான். இன்னொருவர், கட்டுரையாக எழுதினால் நன்றாக வருமே என்றார். அந்த அண்ணனின் முகமும் பணிப்பெண்ணின் முகமும் தெளிவாகத் தெரியும் காணொளியை முதலில் நீக்குங்கள் என்றேன். இன்னும் நீக்கவில்லை.