பபூனுக்கு ஒரு வக்காலத்து

எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியிலிருந்து சென்ற மாதம் எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. வழக்கம்போல் நன்கொடைக்குத்தான் என்று எண்ணினேன். விஷயம் வேறு.

“இந்த வருஷமும் வள்ளி திருமணம் நாடகம் உண்டுங்க. ஆனா, பபூன் காமிக்கை மட்டும் எடுத்துடலாம்னு இருக்கோம். குடும்பத்தோட வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க. நீங்க நாலு எழுத்து எழுதறவர். உங்க அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார்கள்.

நான் ஏதோ அவசரத்தில், “உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாயை முதலாக வைத்துப் பிழைக்கிற ஒருவனுடைய வயிற்றில் அடித்துவிட்டோமே என்று மனம் உறுத்தியது. அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டைச் சீமையிலும் மதுரைப் பக்கத்திலும் நடக்கும் ‘ஸ்பெஷல் நாடக’த்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் பஸ் ஏறி வந்து சேருவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த கதையும் பாட்டும் அவர்களுக்கு நெட்டுரு. அதை நம்பி மேடை ஏறிவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும்.

முதலில் தனியாக வருகிறவன் பபூன். கையிருப்பாகப் பழைய ஹாஸ்யங்கள் சில அவனிடம் உண்டு. மற்றதெல்லாம் அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் பிறப்பவைதான். அவனுக்குத் துணை மேடையோரத்து ஆர்மோனியக்காரரும், மிருதங்கக்காரரும், எதிரே மணலில் உட்கார்ந்திருக்கும் மகா ஜனங்களும்.

1991-ஆம் வருஷம் என்று ஞாபகம். பாட்டியின் மடியில் தலை வைத்து நான் விழித்துக் கிடந்தேன். பபூன் தன் குடும்பப் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். “பொண்டாட்டின்னா தெனம் நாலு சாத்து சாத்தணும். அப்பத்தான் குடும்பம் உருப்படும்” என்றான். ஆண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. அப்போது கூட்டத்தின் ஓரத்தில் கடலை வறுத்துக்கொண்டிருந்த கிழவி, கரண்டியும் கையுமாக எழுந்து நின்றாள்.

“அடே, ஒன்னைப் பெத்தவளும் ஒருத்தனுக்குப் பொண்டாட்டிதான்டா!” என்றாள்.

பந்தலே அதிர்ந்தது. பபூன் ஒரு கணம் வாயடைத்து நின்றான். பிறகு குல்லாயைக் கழற்றி, கிழவி இருந்த திசையை நோக்கி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“ஆத்தா! இத்தனை வருஷமா இது எனக்குத் தோணலையே!” என்றான்.

“தோணியிருந்தா நீ ஏன் பபூனாகிறே?” என்றார் ஆர்மோனியக்காரர்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவன் செய்த பரிகாசம் முழுவதும் மனைவியை அடிக்கிற வீரர்களைப் பற்றித்தான். எங்கள் தெருவில் அந்த வீரத்துக்குப் பேர்போன ஒருவர், பனிக்கு மூடுகிறவர்போல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அதையும் பபூன் பார்த்துவிட்டான்! “அண்ணனுக்கு மட்டும் குளிருதாமே!” என்றான். எந்தக் கதாசிரியன் எழுதிக் கொடுக்க முடியும் இதை?

பபூன் பேச்சு விரசம் என்கிறார்கள். சில சமயம் விரசம்தான், நான் மறுக்கவில்லை. அதைவிட மோசம், அதில் பெண்கள் படும் அவமானம். ஆனால் முகம் சுளிக்கும் கனவான்களை ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனில் ஓடுகிற சினிமாக் காமிக் மட்டும் கங்கா ஜலமா? அங்கேயும் மனைவி அடிபடுகிறாள். கறுப்பாகப் பிறந்தவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து நீங்களும் சிரிக்கிறீர்கள். அதை எதிர்த்துக் கரண்டியைத் தூக்கினால் அந்தப் பெட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுமா?

இன்னொரு வேடிக்கை. அதே வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வார்கள். அதிலும் பெரும்பகுதி அந்தந்த நேரத்துச் சமயோசிதம்தான். அதைக் கேட்டுவிட்டு, “என்ன புலமை!” என்று தலையை ஆட்டுகிறோம். அதே சமயோசிதம் கிழிந்த கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அநாகரிகம் ஆகிவிடுகிறது!

எழுதிவைக்காத பேச்சைக் கண்டால் அதிகாரத்துக்கும் ஆகாது. 1954-ல் வந்த நாடகச் சட்டம், நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்தது. அன்றன்றைய செய்தியை மேடையிலேயே பிடித்து உலுக்கிய எம். ஆர். ராதா போன்றவர்கள் நடித்த காலம் அது. நாளைக்கு வாயில் வரப்போவதை இன்றைக்கு எந்தக் காகிதத்தில் காட்டுவது? அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சர்க்கார் விட்ட வேலையை இப்போது திருவிழாக் கமிட்டி கையில் எடுத்திருக்கிறது.

மறுநாளே நான் கமிட்டிக்காரரைக் கூப்பிட்டேன். “நேற்றுச் சொன்னது தப்பு. பபூன் சம்பளம் என் கணக்கு. முதல் வரிசையில் மனைவி மக்களோடு வந்து உட்காருகிறேன்” என்றேன்.

“உங்களையே கேலி பண்ணிட்டான்னா?” என்று கேட்டார்.

பண்ணட்டும். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவனைக் கேலி செய்யாமல் வேறு யாரைக் கேலி செய்வது?

வாசகர்களே, உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு வரும். அப்போது என்னைப்போல் அவசரப்பட்டு ஆமாம் போட்டுவிடாதீர்கள். பபூன் தகாததைப் பேசினால் அந்தக் கிழவியைப்போல் எழுந்து நின்று கேளுங்கள். அவன் காதில் விழும், பதிலும் சொல்வான். அவனையும் அனுப்பிவிட்டால், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?