ஒரு நிமிஷக் கணக்கு

சென்ற மாதம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நம் பழைய மாணவர் ஒருவரைக் கண்டோம். கையில் குழந்தை. "ஐயா, இவள் பிழைத்தது ஒரு கணக்கினால்" என்றார்.

ரத்தோட்டைக்கு மேலுள்ள தோட்டமொன்றில் அவர் வீடு. பிறந்த நான்காம் நாள் இரவு, குழந்தை மூச்சுக்கு மூச்சு முனகியது. "பனிக்குளிர்தான்; விடிந்தால் சரியாகிவிடும்" என்றார் பாட்டியார். தாயோ, மருத்துவிச்சி சொல்லித் தந்தவாறு, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிஷத்திற்கு 72. மறுபடியும் எண்ணினாள், 70. அவர்கள் விடியலுக்குக் காத்திருக்கவில்லை.

அமைதியாயிருக்கும் பச்சிளங் குழந்தை நிமிஷத்திற்கு 30 முதல் 60 தடவை வரை மூச்சு விடுவது இயல்பு. இருமுறை எண்ணியும் அறுபதோ அதற்கு மேலோ இருந்தால் அபாயம். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குதல் இங்கே உதவாது. சிசுவின் மூச்சு சில விநாடி நின்று, பின் விரைவதுண்டு. ஆகவே முழு நிமிஷமும் எண்ணுதல் வேண்டும். முனகல், விலாவின் கீழ்ப்புறம் உட்குழிதல், மூக்கு விடைத்தல், பால் குடியாமை, நாவும் உதடும் நீலம் பாரித்தல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் எண்ணிக் கொண்டிருக்கலாகாது. உடனே புறப்பட வேண்டும்.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் தொடங்கிய இச்சேவை, பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு மேனிபடச் சேர்த்து, தலையையும் முதுகையும் போர்த்துங்கள். முகம் தெரியட்டும், கழுத்து மடங்காதிருக்கட்டும். குளிர்ந்த உடல் அதிகப் பிராணவாயுவைக் கேட்கும். திணறும் வாயில் சீனித் தண்ணீரோ கைமருந்தோ ஊற்றாதீர்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மாத்தளையிலிருந்து கண்டிக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்ப நேரிடின், "இங்கே ஏன் தாமதம்?" என்று உறவினர் பதறுவர். பிராணவாயு கொடுத்து, உடலை வெதுவெதுப்பாக்கி, இரத்தத்திலுள்ள சீனியைச் சரிபார்த்து, அப்புறத்து வைத்தியருக்கு அறிவித்த பின்னர் அனுப்புவதே முறை. நிலைப்படுத்தாத சிசுவுக்கு அந்த வளைவுப் பாதை பொல்லாதது. வீட்டில் நேரும் தாமதம் நோயை வளர்க்கும். அங்கே செலவாகும் அந்நேரமோ சிகிச்சையே ஆகும்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலே சிசு உறங்கினால், இன்றே அதன் மூச்சை எண்ணிப் பழகுங்கள். நலமான நாளில் பழகிய கண், ஆபத்து நாளில் ஏமாறாது.