டாக்டரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை: பனியன் கம்பெனிப் பெண்களின் பாலியல் நலம்

திருப்பூரில் ‘ஒண்ணரை ஷிப்ட்’ என்றால் விளக்கம் தேவையில்லை. காலை 8.30 மணிக்கு உள்ளே போனால், இரவு 8.30 மணிக்குத்தான் வெளியே வர முடியும். பிறகு சமையல், துணி, பிள்ளைகள். செக்கிங், கைமடி, டெய்லர் என்று நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும் பெண்ணிடம் தாம்பத்திய உறவு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும்? வேலூர் ஆய்வு ஒன்று அதைக் கொஞ்சம் காட்டுகிறது.

வேலூரில் என்ன தெரியவந்தது?

வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் அந்த ஆய்வு 2009-ல் வெளியானது. பொது மருத்துவப் பிரிவுக்கு வந்த, திருமணமான 149 பெண்களிடம் 19 கேள்விகள் கேட்கப்பட்டன. விருப்பம், கிளர்ச்சி, ஈரத்தன்மை, உச்சம், திருப்தி, வலி ஆகிய ஆறும் அளக்கப்பட்டன. சுமார் 73 சதவீதம் பேருக்குப் பாலியல் குறைபாடு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 64 சதவீதம் பேருக்கு வலி தொடர்பான பிரச்சினை இருந்தது. உடல்நோய், கணவருடனான பிணக்கு, இதைப் பேசவே கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவற்றைப் பெண்கள் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் ஒருவர்கூட இதற்காகச் சிகிச்சைக்குப் போகவில்லை.

அப்படியானால் திருப்பூரிலும் 73 சதவீதமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அது மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு. தவிர, அந்தக் கேள்வித்தாள் கடந்த நான்கு வார நிலையைத்தான் கேட்கும். அதனால் மனவருத்தம் உண்டா என்று கேட்காது. நாள் முழுக்க நின்று வேலை செய்த அசதியும், பிள்ளைகளோடு படுக்கும் ஒற்றை அறை லைன் வீடும்கூட மதிப்பெண்ணைக் குறைக்கும். அது நோயல்ல, வாழ்க்கைச் சூழல்.

வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ல் தமிழக நூற்பாலை, ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயர் எழுதாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தரப்பட்டதாக அவர்கள் கூறினர். வலி வந்தால் காரணம் தேடுவதில்லை. மிஷின் நிற்காமல் ஓடினால் போதும் என்ற அணுகுமுறை இது.

வீட்டிலும் பாரம் ஒரு பக்கமே சாய்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. குடும்பக் கட்டுப்பாடு முடிந்ததும், அவளது உடலைப் பற்றிய விசாரிப்பும் முடிந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

உறவின்போது வலி, வறட்சி, நாட்டமின்மை ஆகியவற்றுக்குப் பின்னால் தொற்று, சர்க்கரை நோய், தைராய்டு, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் காலம் என்று பல காரணங்கள் இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் அங்கேயே மகளிர் மருத்துவரைப் பார்க்கலாம். “வெள்ளைப்படுது”, “இடுப்பு வலிக்குது” என்று மட்டும் சொல்லி வரும் பெண்ணிடம், “உறவின்போது வலிக்குதாம்மா?” என்று மருத்துவர் தனியாக ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, அவளுக்கு ஓய்வு தரும் ஷிப்டிலும், “வேண்டாம்” என்றால் மதிக்கும் கணவரிடமும்தான் இருக்கிறது.