அந்தக் கடைக்கு நாங்கள் ஏன் நட்சத்திரம் போடவில்லை

போன விடுமுறையில நாங்கள் நாலு பேர் எலுவன்குளம் போயிருந்தோம். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு தாண்டிப் போகிற பழைய மன்னார் றோட்டு. வில்பத்துவின் தெற்கு வாசல் அங்கேதான் இருக்கு. எங்களுக்குக் கலா ஓயாவையும் கண்டல் காட்டையும் பார்க்கிறதுதான் திட்டம். ஆனா காலை ஏழரைக்கே பசி.

றோட்டோரம் ஒரு தகரக் கூரைக் கடை. ஒரு பெஞ்ச், ஒரு கண்ணாடி அலுமாரி. சுவர் மணிக்கூடு இருபது நிமிசம் முந்தி ஓடுது. கேட்டா, "பஸ்ஸ விடாம இருக்கத்தான்" என்றார் கடைக்கார ராத்தா. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்திலதான் பில். சாப்பாடு ஒரே வகை: றோஸ் பாணை நடுவால கீறி, கட்டச் சம்பல் பூசி, பொரிச்ச முட்டை வைத்து, பேப்பரில சுத்தித் தருவார். கொழும்பில இதுக்கு சான்ட்விச் என்று பெயரும் வேற விலையும் இருக்கும்.

உடனே போன் வெளியில வந்தது. "எலுவன்குளத்தின் விசித்திரக் கடை! நம்ப முடியாத மலிவு! நாலரை நட்சத்திரம்." போட முதல் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினோம்.

"அர நட்சத்திரம் என்னத்துக்குக் கொறைச்ச?" என்று கேட்டுச் சிரித்தார். பெஞ்ச் ஆடுது என்றோம். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மலிவு எண்டு மட்டும் போட வாணாம் மகள். நாளைக்கு முப்பது ரூவா கூட்டினா, ஏமாத்துறா எண்டு சொல்லுவாங்க."

அந்தப் பதிவை நாங்கள் போடவில்லை. வரும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் வாக்குவாதம்.

ராத்தா சொன்னது சரி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அவரின் விலை அவர் கையில இல்லை. இலங்கையில கோதுமை விளைகிறதில்லை. கப்பலில வந்து, ஆலையில மாவாகி, பேக்கரி தாண்டித்தான் அந்த அலுமாரிக்கு வருது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது பாண் விலை எப்படி ஏறியது என்று எங்கள் எல்லார் வீட்டுக்கும் தெரியும். 2024 கடைசியில தேங்காய் விலை ஏறினபோதுதான் ராத்தா தேங்காய்ச் சம்பலை விட்டுட்டுக் கட்டச் சம்பலுக்கு மாறினாராம். புத்தளம் தென்னை முக்கோணத்துக்குள்ள இருக்கிற மாவட்டம்! நாங்கள் "அசல் கிராமத்து ருசி" என்று எழுத இருந்தது அந்தக் கணக்கைத்தான்.

கொழும்புக் கஃபே ஒன்று மெனுவில புது விலை ஸ்டிக்கர் ஒட்டினால் யாரும் சண்டைக்குப் போறதில்லை. ராத்தா முப்பது ரூபா கூட்டினால் மட்டும் அது ஏமாற்று. 'மலிவு' என்று எழுதும்போது பாராட்டுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில அந்த விலையிலேயே அவரைக் கட்டிப் போடுகிறோம். 'விசித்திரம்' என்ற சொல்லும் அப்படித்தான். முந்தி ஓடும் மணிக்கூடு எங்களுக்குப் பகிடி; பஸ் பிடிக்கிற ஆளுக்கு அது உதவி.

எங்களில ஒருத்தன் இதை ஏற்கவில்லை. "எழுதாட்டி யாருக்கு லாபம்? சஃபாரி ஜீப்பெல்லாம் ஹோட்டலில கட்டின பார்சலோட கடையைத் தாண்டிப் போகுதே" என்கிறான். அதிலும் நியாயம் இருக்கு. மௌனம் அவருக்கு வியாபாரம் தராது.

அதனால எங்களுக்குள்ள ஒரு முடிவு. எழுதுவோம், ஆனா கடையைக் கடையாக எழுதுவோம். என்ன கிடைக்கும், எப்ப முடியும் என்று சொல்வோம். விலையை அதிசயமாக்க மாட்டோம். படம் எடுக்க முதல் கேட்போம். நட்சத்திரம் போட மாட்டோம்.

ஆகவே: எலுவன்குளம் போறீங்க என்றால் பார்சல் கட்டாதீங்க. றோட்டோரம் தகரக் கூரை, ஆடுகிற பெஞ்ச். ஒன்பது மணிக்குள்ள போங்க, பிறகு பாண் முடிஞ்சிடும். அவர் சொல்லுகிற விலையைக் கொடுங்க, எங்களுக்குச் சொன்னதை விட அது கூடவாக இருந்தாலும்.