வயரை மறைத்த சுவர் ஏன் வெடிக்கிறது?

ஏசிக்குத் தனி பாயின்ட் வேண்டும், டி.வி.யை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டும் என்றால் சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, வயர் இழுக்கிறார்கள். மறுநாள் கொத்தனார் பூசிவிடுவார். அதற்கு மறுநாள் பட்டி, பெயின்ட். சுவர் பளிச்சென்று இருக்கும். இரண்டு மாதம் போனால் பைப் போன தடத்திலேயே ஒரு விரிசல் கோடு எட்டிப் பார்க்கும்.

பெயின்டரைத் திட்டிப் பயனில்லை. விரிசலுக்கான காரணம் பெரும்பாலும் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் காடியின் ஆழம். பைப் சுவருக்குள் நன்றாக அமர்ந்து, அதன் மேல் அரை அங்குலமாவது பூச்சு நிற்க வேண்டும். பைப் துருத்திக்கொண்டிருந்தால் மேலே பூசிய மெல்லிய பூச்சு நிச்சயம் வெடிக்கும். அதற்காக இஷ்டத்துக்கு ஆழமாக வெட்டவும் கூடாது. செங்குத்துக் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைவாட்டுக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் கிடைப்பது முக்கால் அங்குலம்தான். பைப்புக்கே அது சரியாகிவிடும். அதனால் மேலிருந்தோ கீழிருந்தோ நேராக இறக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் தூண், பீம் மீது கை வைக்கவே விடாதீர்கள்.

அடுத்தது பூச்சு. காடிக்குள் இருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பூச்சு சுவரோடு ஒட்டாது. தண்ணீர் தெளிக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, சுவிட்ச் பாக்ஸை பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள்.

சிமென்ட் கூடினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிமென்ட் அதிகமான கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும், விரிசலும் அதிகமாகும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல் போதும். பூச்சை இரண்டு தடவையாகப் போடுவது நல்லது. முதல் நாள் சுவர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, கரணையால் கீறிவிட வேண்டும். மறுநாள் அதன் மேல் கோழிவலையைப் பதித்துப் பூச வேண்டும். வலை காடியின் இரு பக்கமும் இரண்டு, மூன்று அங்குலம் பழைய சுவரின் மேல் ஏறியிருக்க வேண்டும். அந்த இடத்தில் பழைய பூச்சைக் கொத்திவிட்டால் வலை துருத்தாது. பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடிப்பது இந்த வலைதான். இதை விட்டுவிட்டுப் போகும் வேலைகளே அதிகம்.

பிறகு ஏழு நாள், காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதன்பின் மூன்று வாரமாவது காயவிட வேண்டும். ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் அது பொரிந்து உரியும். நன்றாகக் காய்ந்ததும் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பெயின்ட் என்ற வரிசையில் போகலாம். காடி மீது மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். அந்தச் சுவர் முழுவதையும் அடித்துவிடுவது நல்லது.

இதில் செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. பூச்சு போடும் முன், திறந்திருக்கும் காடியை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்தும் சுவர் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்பது தெரியும்படி டேப்பைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் படத்தை அனுப்பிவையுங்கள். நான்கைந்து வருடம் கழித்துத் திரைச்சீலைக் கம்பி மாட்ட யாரோ டிரில்லோடு அந்தச் சுவர் முன் நிற்பார். உள்ளே மின்சாரம் ஓடுவது அவருக்குத் தெரியாது. அந்தப் படம்தான் சொல்ல வேண்டும்.