பர்பிளுக்குள்ள ஒரு நத்தை

பிளேஸ்மென்ட் டிரெயினிங்ல ஒரு வொகாபுலரி லிஸ்ட் கொடுத்தாங்க. அதுல ஒரு வரி: ‘பர்பிள் ப்ரோஸ் – அளவுக்கு மீறி அலங்காரம் செய்த நடை’. “ஏன் சார் பர்பிள்? பச்சையா இருக்கக் கூடாதா?”ன்னு பின் பெஞ்ச்ல ஒருத்தன் கேட்டான். “அதெல்லாம் டெஸ்ட்ல வராது, மனப்பாடம் பண்ணு.” என் சண்டை அந்தப் பதிலோடதான்.

பர்பிள் என்ற பெயரடைக்குள் ஒரு கடல் நத்தை இருக்கிறது. அதற்குக் கிரேக்கத்தில் போர்ஃபிரா என்று பெயர். லத்தீனில் பர்புரா. பழைய ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டாவது ‘ர’ நாக்கில் வழுக்கி ‘ல’ ஆகிவிட்டது. நத்தையின் பெயர் சாயத்துக்கும், சாயத்தின் பெயர் துணிக்கும் போய், கடைசியாகத்தான் நிறத்துக்கு வந்தது.

அந்தச் சாயம் எவ்வளவு அரிது தெரியுமா? 1909-ல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்தது வெறும் 1.4 கிராம்! நம்ம அவுரி நீலத்தின் மூலக்கூறோடு இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தால் அதுதான் இது. (கெமிஸ்ட்ரி லேப்ல இதைச் சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன்.) ரோமில் அதிகாரத்துக்கும் பணத்துக்கும் அடையாளம் இந்தத் துணி. அதனால்தான் ஹொரேஸ், கவிதையில் சம்பந்தமே இல்லாமல் பளபளக்கும் வர்ணனையை, ஒட்டுப்போட்ட பர்பிள் துணி என்று கிண்டல் செய்தார். பின் பெஞ்ச் நண்பா, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

1856-ல் 18 வயசுப் பையன் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கு குயினைன் செய்யப் போய், தற்செயலா ஒரு செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தான். நத்தையே இல்லாத அந்தச் சாயத்தையும் முதலில் ‘டைரியன் பர்பிள்’ என்றுதான் விற்றார்கள். டைர், அந்த நத்தைச் சாயத்துக்குப் பேர்போன ஊர். பெயருக்கு அவ்வளவு மவுசு!

ஒரே ராத்திரில 300 வார்த்தை முடிக்கணும், இதுக்கெல்லாம் நேரமில்லைன்னு சொல்வீங்க. நியாயம்தான். ஆனா அந்த லிஸ்ட்ல பாதி எனக்கு மறந்தே போச்சு. இந்த நத்தை மறக்கலை.

அடுத்த வார லிஸ்ட்ல ‘கிராப்டு’ இருக்கு, புரியாத கையெழுத்தைச் சொல்ற வார்த்தை. கேளுடா நண்பா, அதுக்குள்ள ஒரு நண்டு இருக்கு.