கல்யாணத்துக்கு ட்ரோன், தாத்தா பேச்சுக்கு போன்கூட இல்லையா?



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்யாணத்துக்கு ட்ரோன் பறக்கிறது. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த பெரியவர் பேச்சைப் பதிவு செய்யத்தான் யாருக்கும் நேரமில்லை. "பழங்கதை எதுக்கு சார்?" என்கிறீர்கள்.

சயாம் மரண ரயில்பாதையைப் பாருங்கள். 1942-43இல் போட்டது, 415 கி.மீ. அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை, டைரி, சினிமா எல்லாம் உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் செத்தது அதைவிடப் பல மடங்கு. எத்தனை பேர்? இன்றுவரை மதிப்பீடுதான். டைரி எழுதத் தெரியாத கூலிக்காரர் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு, கேட்க ஆளில்லை.

அன்று பத்து வயது என்றால் இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும். மிசா கைதிகளுக்கே எழுபதுக்கு மேல்.

"கேட்டால் அழுவார், பிபி ஏறும்" என்று மகன்களே தடுக்கிறார்கள். அவரைக் கேட்டீர்களா? அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், அது அவர் உரிமை. உங்களுடையது அல்ல.

பேசினால் குறுக்கே பேசாதீர்கள். வீரவசனம் கேட்காதீர்கள், என்ன சாப்பிட்டார், எங்கே படுத்தார், கூட வந்தவர் யார் என்று கேளுங்கள். பதிவை ரெண்டு இடத்தில் வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள்.